இஸ்லாமிய வங்கியில் குழுவாகக் கற்பது, வேலைச் சூழல், ஊழியர் செயல்திறன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையில் இஸ்லாமிய வங்கியிலோ, வழக்கமான வங்கியொன்றின் இஸ்லாமியப் பிரிவிலோ வேலை செய்கிறவர்கள், அந்த வேலைக்குப் போக நினைக்கிறவர்கள், கிளை முகாமையாளர்கள் என்று பலரும் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஊழியர் பயிற்சிதான் என் வேலை, அதனால் பதில்களும் அந்தப் பக்கத்திலிருந்தே வரும். தேவையான இடத்தில் மலேசியா, இந்தோனேசியா உதாரணங்களையும் சொல்கிறேன்.

குழுவாகக் கற்பது என்றால் எல்லோரும் சேர்ந்து பயிற்சி வகுப்புக்குப் போவதா?

இல்லை. பயிற்சி வகுப்பில் ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தான் கற்கிறார்கள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நான் சொல்வது கிளைக்குள் நடப்பது. நேற்று வந்த ஒரு சிக்கலான விண்ணப்பத்தை இன்று காலை நாலு பேர் சேர்ந்து பார்க்கிறார்கள், எங்கே சறுக்கியது, அடுத்த முறை யார் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று பேசி முடிவெடுக்கிறார்கள், அந்த முடிவு அன்று லீவில் இருந்தவருக்கும் போய்ச் சேர்கிறது. இந்தக் கடைசிப் பகுதியைத்தான் பல கிளைகள் விட்டுவிடுகின்றன. பேசிய நாலு பேருக்கும் இடமாற்றம் வந்தால் கிளை மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது.

இது எல்லா வங்கிக்கும் பொருந்துமே. இஸ்லாமிய வங்கியில் மட்டும் என்ன விசேஷம்?

வழக்கமான வங்கியில் கடன் உத்தியோகத்தர் ஆவணங்களை முன்பின்னாகப் போட்டால் தலைமையகம் கடிந்துகொள்ளும், திருத்தச் சொல்லும், ஆனால் கடன் கடனாகவே இருக்கும், வட்டியும் வந்துகொண்டிருக்கும். இங்கே அப்படி முடியாது, ஏனென்றால் வட்டியை இஸ்லாம் தடுக்கிறது, எது முதலில் நடந்தது என்பதை வைத்துத்தான் ஒப்பந்தமே செல்லுபடியாகிறது.

முராபஹாவை எடுத்துக்கொள்ளுங்கள். காத்தான்குடியில் ஒரு வியாபாரிக்கு 10 இலட்சம் ரூபாய் இயந்திரம் ஒன்று வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வங்கி அவர் கையில் பணத்தைக் கொடுப்பதில்லை. அந்த இயந்திரத்தை வங்கியே விற்பனையாளரிடம் வாங்கி, தன் பொறுப்பில் எடுத்து, அப்புறம் வாங்கிய விலை இவ்வளவு, என் இலாபம் இவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்லி, 11.5 இலட்சத்துக்குத் தவணையில் அவருக்கு விற்கிறது. இடையில் அது வங்கியின் சொத்தாக இருக்கிற நேரம் அரை மணித்தியாலமாகவே இருக்கட்டும், அந்த நேரத்தில் அது எரிந்துபோனால் நட்டம் வங்கியுடையது. அந்தப் பொறுப்பைச் சுமப்பதால்தான் 1.5 இலட்சம் இலாபம் ஹலாலாகிறது.

இப்போது மாதக் கடைசி. வாடிக்கையாளர் அவசரப்படுத்துகிறார். உத்தியோகத்தர் விற்பனை ஒப்பந்தத்தில் இன்றைக்கே கையெழுத்து வாங்கிவிட்டு, வங்கி வாங்கியதற்கான ஆவணத்தை நாளைக்குப் போடுகிறார். வங்கி தன்னிடம் இல்லாத பொருளை விற்றுவிட்டது. இன்னொரு விதமும் உண்டு: வாடிக்கையாளர் போன வாரமே வாங்கி முடித்துவிட்ட பொருளுக்கு இன்வொய்ஸைக் கொண்டுவந்து நீட்டுகிறார், யாரும் திகதியைப் பார்க்கவில்லை, காசு போய்விட்டது. அது காசுக்குக் காசு, அதாவது வட்டி. பிறகு ஷரீஆ (இஸ்லாமியச் சட்ட) கணக்காய்வில் பிடிபட்டால் அந்த 1.5 இலட்சத்தை வங்கி தன் வருமானமாக வைத்துக்கொள்ள முடியாது, தருமத்துக்குக் கொடுத்தாக வேண்டும். ஒரு கையெழுத்து முந்திப் போனதற்கு அந்தப் பைலின் முழு இலாபமும் போகிறது.

வங்கி தன் பொருளை வாடகைக்குக் கொடுக்கும் இஜாராவிலும் இதே கதைதான். லீசிங் கம்பனியிலிருந்து வந்தவர் பழக்கத்தில் பணம் வெளியே போன நாளிலிருந்தே வாடகையைக் கணக்குப் போடுவார், ஆனால் வாகனம் வாடிக்கையாளர் கைக்குப் போகாமல் வாடகை தொடங்க முடியாது. கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொல்லும் 2:282தான் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம், எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. கிளையில் ஆவணம் தயாரிக்கிற பிள்ளைகளுக்கு நான் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன், அவர்கள் செய்வது வெறும் குமாஸ்தா வேலை என்று யாரும் அவர்களை நினைக்க வைக்கக் கூடாது.

சரி, அதற்குத்தான் ஷரீஆ உத்தியோகத்தரும் ஆலோசனைக் குழுவும் இருக்கிறார்களே?

அவர்கள் ஒப்பந்தத்தின் மாதிரியை அங்கீகரிக்கிறார்கள், பிறகு நடந்ததைச் சோதிக்கிறார்கள். வியாழக்கிழமை பின்னேரம் மூன்றரை மணிக்குக் கல்முனைக் கிளையில் யார் எந்தத் தாளில் முதலில் கையெழுத்து வாங்குகிறார் என்பதைக் கொழும்பில் இருந்துகொண்டு அவர்களால் பார்க்க முடியாது. ஒரு முராபஹா பைல் வாடிக்கையாளரைப் பிடித்தவர், கடனைப் பரிசீலித்தவர், ஆவணம் தயாரித்தவர், பணத்தை விடுவித்தவர் என்று பல கை மாறும். ஒவ்வொருவரும் தன் பகுதியைச் சரியாகச் செய்தும் மொத்தம் பிழைத்துப்போகலாம். ஒருவர் மட்டும் கற்று எந்தப் பிரயோசனமும் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

தவறு நடந்ததை நானே போய்ச் சொன்னால் என் வேலைக்குத்தானே ஆபத்து?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர், அதுவும் தனியாக வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள்.

எந்த அலுவலகத்திலும் தவறைச் சொல்லப் பயம் இருக்கும். இஸ்லாமிய வங்கியில் அந்தப் பயத்தோடு வெட்கமும் சேர்ந்துகொள்கிறது. “ஆவணம் பிழைத்துவிட்டது” என்று சொல்வதை “வட்டிக் கொடுக்கல் வாங்கல் செய்துவிட்டேன்” என்று சொல்வதாக மனம் எடுத்துக்கொள்கிறது. தொழுகையில் பக்கத்தில் நிற்கிற முகாமையாளரிடம் போய் அதைச் சொல்ல வாய் வராது. அதனால் நல்ல மனிதர்கள், மார்க்கப் பற்றுள்ளவர்கள், அந்தப் பற்றினாலேயே மறைக்கிறார்கள். நான் பார்த்த ஒரு கிளையில் இன்வொய்ஸ் திகதி பிந்தியிருந்ததை மூன்று பேர் தனித்தனியாகக் கண்டுபிடித்திருந்தார்கள், ஒருவரும் மற்றவரிடம் சொல்லவில்லை, கணக்காய்வு வந்தபோதுதான் மூவருக்கும் தெரியும் என்பதே தெரிந்தது. அதற்குள் அதே பிழை இன்னும் பல பைல்களில் ஏறியிருந்தது.

ஹார்வர்டைச் சேர்ந்த ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள பிரிவுகளில் தவறுகள் குறைவாக இருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். பதிவானது கூடுதலாக இருந்தது. அந்தப் பிரிவுகளில் ஆட்கள் பயமில்லாமல் சொன்னார்கள், மற்ற இடங்களில் மறைத்தார்கள் என்பதுதான் அவர் கண்ட விளக்கம். 1999இல் ஒரு தொழில் நிறுவனத்தின் 51 குழுக்களை வைத்து இதையே இன்னும் விரிவாக ஆராய்ந்து, பேசப் பயமில்லாத குழுதான் கற்கிறது, கற்கிற குழுதான் நன்றாகச் செய்கிறது என்று காட்டினார். ஒரு கிளையிலிருந்து வருடம் முழுக்க ஒரு தவறும் பதிவாகவில்லை என்று முகாமையாளர் பெருமைப்பட்டால் எனக்குக் கவலைதான் வரும்.

மலேசியாவின் 2013 இஸ்லாமிய நிதிச் சேவைகள் சட்டத்தைப் பாருங்கள். ஷரீஆவுக்கு முரணாக ஏதும் நடந்ததை ஒரு வங்கி அறிந்தால் உடனே மத்திய வங்கிக்கும் தன் ஷரீஆ குழுவுக்கும் அறிவிக்க வேண்டும், அந்த நடவடிக்கையை நிறுத்த வேண்டும், 30 நாளுக்குள் திருத்தத் திட்டம் கொடுக்க வேண்டும். மீறினால் 8 வருடம் வரை சிறை, 2.5 கோடி ரிங்கிட் வரை அபராதம் என்று தண்டனையும் இருக்கிறது. இவ்வளவு கடுமையான சட்டம்கூட நிற்பது, கிளையில் இருக்கிற ஒரு சின்ன உத்தியோகத்தர் வாயைத் திறப்பாரா என்பதில்தான். அவர் சொல்லாவிட்டால் மேலே யாருக்கு என்ன தெரியும்?

ஆகவே முகாமையாளர்களுக்கு நான் சொல்வது: தானாக முன்வந்து சொன்ன தவறுக்கும் கணக்காய்வில் பிடிபட்ட தவறுக்கும் வித்தியாசம் வையுங்கள். முதலாவதுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பாதீர்கள். ஒரு கடிதம் போதும், கிளை முழுக்க வாயை மூடிக்கொள்ளும்.

மௌலவிமார் சொன்ன தீர்ப்பைப் பற்றிக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு இல்லையா?

பத்ர் போரில் நபியவர்கள் படையை ஓரிடத்தில் இறக்கியபோது ஹுபாப் இப்னு முன்திர் வந்து, இது அல்லாஹ் காட்டிய இடமா, அல்லது போர்த் தந்திரமாக நீங்கள் தேர்ந்ததா என்று கேட்டதாக ஸீரா எனும் நபியவர்களின் வரலாற்று நூல்களில் வருகிறது. தந்திரம்தான் என்றதும், தண்ணீர்க் கிணறுகளுக்குப் பக்கத்தில் போவோம் என்றார், நபியவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். கிளையில் கேட்க வேண்டியதும் அதுதான்: “மௌலவி, இது ஷரீஆ தீர்ப்பா, வங்கியின் நடைமுறையா?” தீர்ப்பு என்றால் அதன் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், காரணம் தெரிந்தால்தான் புதிதாக ஒரு நிலைமை வரும்போது எங்கே நிறுத்துவது என்று புரியும். நடைமுறை என்றால் இதைவிட நல்ல வழி இருக்கிறது என்று தாராளமாகச் சொல்லலாம். நான் பழகிய ஆலிம்களில் (மார்க்க அறிஞர்களில்) பெரும்பாலானோர் இந்தக் கேள்வியை விரும்புகிறார்கள், கவுண்டரில் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேறு வழி இல்லை.

எங்கள் கிளையில் தொழுகை அறை இருக்கிறது, ஏ.சி. இருக்கிறது, நோன்பில் நேரத்தோடு விடுகிறார்கள். வேலைச் சூழல் நல்லது என்று சொல்லலாம்தானே?

நல்ல விஷயங்கள், இருக்க வேண்டும். ஆனால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில் உங்கள் கிளையை யார் நடத்துகிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள். பெரும்பாலும் பெண்களும் முஸ்லிம் அல்லாத சகோதரர்களும்தான். அந்த நேரத்தில் வருகிற வாடிக்கையாளரின் கேள்விக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் கிளையின் முக்கியமான பேச்செல்லாம் எங்கே நடக்கிறது? பின்னேரம் அஸர் தொழுத பிறகு தொழுகை அறையில், ஆண்களுக்கு மட்டும். “முந்தாநாள் கொழும்பிலிருந்து இப்படிச் சொன்னார்கள்” என்று அங்கே பேசப்படுவது வெளியே இருப்பவர்களுக்கு வந்துசேர ஒரு வாரம் ஆகும், சிலவேளை வராமலே போகும். யாரும் வேண்டுமென்று ஒதுக்குவதில்லை, இருந்தாலும் பாதிக் குழு கற்கவில்லை. வேலை சம்பந்தமான பேச்சைக் கவுண்டர் பக்கம் கொண்டுவாருங்கள், அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

சூழல் என்பதில் திரையும் அடங்கும். வழக்கமான வங்கியின் மென்பொருளையே இஸ்லாமியப் பிரிவும் பயன்படுத்துகிற இடங்களில் திரையில் இன்னும் வட்டி, கடன் என்றே இருக்கிறது. புதிதாக வந்த பிள்ளை காலை முதல் மாலை வரை அதைப் பார்த்துவிட்டு, முதாரபா கணக்கில் (வாடிக்கையாளர் பணத்தை வங்கி தொழிலில் போட்டு இலாபத்தைப் பங்கிடும் கணக்கில்) பணம் போட வந்தவரிடம் “எட்டு வீதம் நிச்சயம் கிடைக்கும்” என்று சொல்லிவிடுகிறது. முதாரபாவில் நிச்சயிக்கக்கூடியது இலாபத்தைப் பங்கிடும் விகிதம் மட்டும்தான், கிடைக்கப்போகும் தொகையை யாரும் உறுதி சொல்ல முடியாது.

முஸ்லிம் அல்லாதவர்கள் இந்த வேலையை நன்றாகச் செய்ய முடியுமா?

முடியும், செய்கிறார்கள். சொல்லப்போனால் தெரியாததைத் தெரியாது என்று கேட்க அவர்களுக்குக் கூச்சம் குறைவு. முஸ்லிம் ஊழியருக்கு “இது தெரியாதா உனக்கு?” என்று கேட்டுவிடுவார்களோ என்ற தயக்கம் இருக்கிறது, குர்ஆன் ஓதும் பள்ளியில் படித்ததால் முஷாரகாவின் (வங்கியும் வாடிக்கையாளரும் கூட்டாக முதல் போடும் முறையின்) கணக்கு தெரிந்துவிடாது என்றாலும்.

டார்கட் இல்லாமல் வங்கி நடக்காது. செயல்திறனை வேறு எதை வைத்து அளப்பது?

டார்கட் இருக்கட்டும். ஆனால் மேலே சொன்ன உதாரணத்தையே பாருங்கள்: 10 இலட்சம் வெளியே போனதற்கு உத்தியோகத்தருக்குப் புள்ளி கிடைத்துவிட்டது, போனஸும் கிடைத்துவிட்டது. அடுத்த வருடம் இலாபம் தருமத்துக்குப் போனபோது அந்தப் புள்ளியை யாரும் திருப்பி எடுக்கவில்லை. மாதக் கடைசியில் ஓடி ஓடிக் கையெழுத்து வாங்குகிறவரைத் திறமைசாலி என்றும், திகதி சரியில்லை என்று பைலை நிறுத்தியவரை மந்தம் என்றும் எழுதுகிற மதிப்பீட்டுப் படிவம் இஸ்லாமிய வங்கிக்குப் பொருத்தமே இல்லை. இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு.

கொடுத்த தொகையோடு சேர்த்து, அந்த வருமானத்தில் எவ்வளவு ஷரீஆ கணக்காய்வைக் கடந்து நின்றது என்பதையும் பாருங்கள். கிளையே கண்டுபிடித்துத் திருத்திய பிழைகள் எத்தனை, வெளியிலிருந்து வந்து கண்டுபிடித்தவை எத்தனை என்று பாருங்கள். இரண்டு மூன்று வாடிக்கையாளரை அழைத்து, நீங்கள் எடுத்தது என்னவென்று சொல்லுங்கள் என்று கேளுங்கள். “லோன் எடுத்தேன்” என்று சொன்னால் நம் ஊழியர் விளக்கவில்லை. புள்ளியில் ஒரு பகுதியைக் கிளைக்குச் சேர்த்தே கொடுங்கள். தனித்தனி டார்கட் மட்டும் இருந்தால், நல்ல வழியைக் கண்டுபிடித்தவர் பக்கத்து மேசைக்காரருக்கு அதை ஏன் சொல்லிக்கொடுக்கப் போகிறார்?

நெருக்கடி நேரத்தில் இதெல்லாம் உதவுமா?

2022 ஏப்ரலில் இலங்கை மத்திய வங்கி கொள்கை வட்டி வீதத்தை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது நினைவிருக்கும். வைப்பு வைத்தவர்கள் மற்ற வங்கியில் இவ்வளவு கிடைக்கிறதே என்று கேட்டு வந்தார்கள். இன்னொரு பக்கம், முராபஹாவில் ஒருமுறை பேசிய விலையைப் பிறகு கூட்ட முடியாது, ஆனால் வங்கியின் பங்கை வாடிக்கையாளர் சிறிது சிறிதாக வாங்கிக்கொள்ளும், படிப்படியாகக் குறையும் முஷாரகாவில் வாடகையை ஒப்பந்தப்படி மீளாய்வு செய்யலாம், ஆகவே ஒரே தெருவில் இரண்டு வாடிக்கையாளருக்கு இரண்டு விதமான பதில். இதை முன்பே சேர்ந்து பேசி வைத்திருந்தால் கவுண்டரில் இருக்கிற யாரும் அந்தந்த ஒப்பந்தத்துக்கு உரிய ஒரே பதிலைத் தெளிவாகச் சொல்லலாம். பேசாத இடத்தில் ஆளுக்கொரு பதில், அடுத்த நாள் வாடிக்கையாளர் வேறொருவரிடம் கேட்டுவிட்டுச் சண்டைக்கு வருவார்.

வழக்கமான வங்கியில் பல வருடம் வேலை செய்தவர்கள் மாறுவது கஷ்டமா?

புதிதாகக் கற்பதைவிடப் பழைய கைப்பழக்கம் போவதுதான் கஷ்டம். இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தைப் பாருங்கள். அங்கே பேங்க் ஆச்சே 2016 செப்டம்பரில் முழு வங்கியாகவே ஷரீஆ முறைக்கு மாறியது, ஒரு பிரிவைத் திறந்து மெதுவாகப் பழகுகிற வழி இல்லை, எல்லா ஊழியரும் ஒன்றாக மாற வேண்டியிருந்தது. பிறகு 2018இல் வந்த மாகாணச் சட்டத்தின்படி அங்குள்ள எல்லா நிதி நிறுவனங்களும் ஷரீஆ முறைக்கு வர வேண்டியதாயிற்று. இதற்கிடையில் 2021 பெப்ரவரியில் மூன்று ஷரீஆ வங்கிகள் இணைந்து பேங்க் ஷரியா இந்தோனேசியா உருவானது. மூன்று வங்கி, மூன்று விதமான பழக்கம், ஒரே கூரை. 2023 மேயில் அந்த வங்கியின் சேவை சைபர் தாக்குதலால் சில நாட்கள் முடங்கியபோது, மாற்று வங்கிகள் குறைவாக இருந்த ஆச்சே மக்கள் தவித்தார்கள், அந்தச் சட்டத்தையே திருத்த வேண்டும் என்ற பேச்சும் எழுந்தது. முன்னால் நின்று மக்களுக்குப் பதில் சொன்னவர்கள் கிளை ஊழியர்கள்தான். சட்டத்தால் வங்கியின் பெயர்ப்பலகையை ஒரே நாளில் மாற்றலாம், ஊழியர்கள் மாறக் காலமும் துணையும் வேண்டும்.

எல்லாவற்றையும் கணினி பார்த்துக்கொள்ளாதா?

ஓரளவு. மலேசியாவில் 2009இல் தொடங்கிய புர்சா சூக் அஸ்ஸிலா என்ற தளத்தில் காசு தேவைப்படும் வாடிக்கையாளருக்காகப் பாம் எண்ணெய் போன்ற சரக்கை வாங்குவதும் விற்பதும் வரிசை தவறாமல் கணினியிலேயே பதிவாகிறது. வரிசைப் பிழை குறையும். ஆனால் எதற்காக இந்த வரிசை என்று தெரியாத ஊழியரிடம் வாடிக்கையாளர் “நான் எப்போது எண்ணெய் வாங்கினேன்?” என்று கேட்டால் அவரால் பதில் சொல்ல முடியாது.

குழுவாகக் கற்பது, செயல்திறன் பற்றி நிறைய ஆய்வுக் கட்டுரைகள் வருகின்றனவே, நம்பலாமா?

படியுங்கள், ஆனால் எப்படி அளந்தார்கள் என்று பாருங்கள். ஊழியரிடமே “உங்கள் குழு கற்கிறதா? உங்கள் செயல்திறன் எப்படி?” என்று ஒரே தாளில் கேட்டு, இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று முடிக்கிறவை பல. சந்தோஷமாக இருக்கிறவர் இரண்டுக்குமே நல்ல புள்ளி போடுவார். கணக்காய்வு முடிவுகளோடு ஒப்பிட்ட ஆய்வு என்றால் எனக்குக் கூடுதல் நம்பிக்கை.

தமிழ்நாட்டிலிருந்து கேட்கிறேன், இந்தியாவில் இந்த வேலை உண்டா?

வங்கிகளில் இல்லை. 1949 வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு வங்கிகள் பொருள் வாங்கி விற்பதைத் தடுக்கிறது, முராபஹா அங்கேயே நின்றுவிடும். இஸ்லாமிய வங்கி யோசனையை மேலே கொண்டுபோவதில்லை என்று ரிசர்வ் வங்கி 2017இல் தெரிவித்துவிட்டது. இலங்கையில் 2005இல் வங்கிச் சட்டத்தைத் திருத்தி வழி திறந்தார்கள், 2011இல் அமானா வங்கி முழு இஸ்லாமிய வங்கியாகத் தொடங்கியது, வேறு பல வங்கிகளும் தனிப் பிரிவு வைத்திருக்கின்றன. இந்தியாவில் படித்துவிட்டு இந்தத் துறைக்கு வர விரும்புகிறவர்கள் வளைகுடாவையும் மலேசியாவையும்தான் பார்க்க வேண்டும்.

நான் முகாமையாளர் இல்லை, கவுண்டரில் இருக்கிறேன். என்னால் என்ன செய்ய முடியும்?

ஒரு கொப்பி வாங்கிக் கவுண்டருக்குப் பின்னால் எல்லோர் கைக்கும் எட்டும் இடத்தில் வையுங்கள். வாடிக்கையாளர் கேட்டு உங்களுக்குப் பதில் தெரியாத கேள்வியைத் திகதியோடு எழுதுங்கள், உங்கள் பெயரைப் போட வேண்டாம். மற்றவர்களையும் எழுதச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை, கிளை திறக்க அரை மணித்தியாலம் முன்பு, அதிலிருந்து ஒரே ஒரு கேள்வியை எடுத்து எல்லோரும் பேசலாமா என்று முகாமையாளரிடம் கேளுங்கள், ஒத்துக்கொண்டால் அவரைக் கடைசியாகப் பேசும்படி பணிவாகச் சொல்லிவையுங்கள், அவர் முதலில் பேசினால் மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். முடிவாகாததை ஷரீஆ பிரிவுக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள், வருகிற பதிலை அச்சிட்டு அதே கொப்பியில் ஒட்டுங்கள். இடமாற்றம் வந்தால் கொப்பியைக் கூடக் கொண்டுபோகாதீர்கள், அது கிளைக்கு உரியது.